கனத்துத் தொங்கும் கண் இமைகள்: அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

“என்ன அண்ணே, ராத்திரி தூங்கலையா?” “அக்கா, உடம்பு சரியில்லையா?” கண் இமை கனத்துத் தொங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாலும் முகம் களைத்துத் தெரியும். பள்ளிக்கூடத்தில் “தூங்குமூஞ்சி” என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். வேலையிடத்தில் குடித்துவிட்டு வந்ததாகக்கூடச் சந்தேகப்படுவார்கள்.

இது தோற்றத்தோடு நின்றுவிடும் குறையும் இல்லை. செம்பனைக் குலை வெட்டுபவர் நீண்ட கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளை அண்ணாந்து பார்த்தபடியே வேலை செய்கிறார். லோரி ஓட்டுநர் தலைக்கு மேலே தொங்கும் சாலைப் பலகைகளையும் சமிக்ஞை விளக்குகளையும் கவனித்தாக வேண்டும். இமை கீழே இறங்கினால் முதலில் மறைவது மேல்பக்கப் பார்வைதான்.

பட்டணங்களில் இப்போது இமை அறுவை சிகிச்சைக்கான விளம்பரங்கள் முகநூலிலும் டிக்டாக்கிலும் நிறையவே வருகின்றன. ஒரு மணி நேரத்தில் பத்து வயது குறையும் என்கின்றன சில. இச்சிகிச்சை பலருக்கு நல்ல பலனைத் தருவது உண்மை. ஆனால், “கண் கனமாக இருக்கிறது” என்ற ஒரே புகாருக்குப் பின்னால் பல வேறுபட்ட காரணங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு மட்டுமே கத்தி தீர்வாகும். வேறு சிலவற்றில் கத்தி வைத்தால் நிலைமை மோசமாகும். ஓரிரு காரணங்கள் உயிருக்கே ஆபத்தான நோயின் அறிகுறிகள். ஆகவே, எங்கே செய்வது, எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்கும் முன், இமை ஏன் தொங்குகிறது என்பதைக் கண்டறிய வேண்டும்.

இமை எப்படி வேலை செய்கிறது?

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். அதன் கீழே கண்ணை மூடும் தசை வட்டமாக அமைந்துள்ளது. அதற்கும் உள்ளே, இமையை மேலே தூக்கும் ‘லெவேட்டர்’ என்னும் தசை இருக்கிறது. அதன் தசைநார் இமையின் விளிம்புக்கு அருகே உள்ள கெட்டியான தட்டில் பொருந்தியிருக்கும். கதவுத் திரையைக் கயிறு இழுத்துத் தூக்குவது போல, இத்தசை இமையைத் தூக்கிப் பிடிக்கிறது. அதற்குத் துணையாக இன்னொரு சிறு தசையும் உண்டு. கண்ணைச் சுற்றி மெத்தைபோலக் கொழுப்பு இருக்கிறது.

நேராகப் பார்க்கும்போது, மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேற்பகுதியை ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மூடியிருப்பது இயல்பு. கண்மணியின் நடுப்புள்ளியிலிருந்து இமை விளிம்பு வரை 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கண் மருத்துவர் அளவுகோல் வைத்து முதலில் அளப்பது இந்த இடைவெளியைத்தான்.

கனத்த கண்களுக்கு முக்கியக் காரணங்கள்

முதலாவது, தோல் தளர்ச்சி. வயது ஏற ஏற மேல் இமையின் தோல் நெகிழ்ந்து, மடிந்து, இமைமுடிகளின் மேல் விழுகிறது. இமையின் விளிம்பு சரியான இடத்தில்தான் இருக்கும். தோல் மட்டும் கூடாரம்போல் அதை மறைக்கும். வெயிலில் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது சற்று முன்கூட்டியே வரலாம்.

இரண்டாவது, இமைத் தசை தளர்ச்சி. மருத்துவர்கள் இதை ‘டோசிஸ்’ என்பர். தூக்கும் தசையின் நார் நீண்டுவிடுகிறது அல்லது பிடியிலிருந்து நழுவுகிறது. தோல் அதிகம் இல்லாவிட்டாலும், இமையின் விளிம்பே கீழே இறங்கிக் கண்மணியை மறைக்கத் தொடங்கும். முதுமை முக்கியக் காரணம். பல ஆண்டுகள் ஒட்டுக்கண்ணாடி, அதாவது காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும், கண்களை ஓயாமல் கசக்குபவர்களுக்கும் இளம் வயதிலேயே வரலாம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு ஏற்படுவதுண்டு.

மூன்றாவது, புருவச் சரிவு. நெற்றித் தசை தளர்ந்து புருவம் எலும்பு விளிம்புக்குக் கீழே இறங்கினால், அது தோலையும் சேர்த்துக் கண்மேல் தள்ளும். இவர்களுக்கு இமைத் தோலை மட்டும் வெட்டினால் புருவம் இன்னும் கீழே இழுக்கப்படும்.

நான்காவது, நரம்பு அல்லது தசை நோய். ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்ற தசைக் களைப்பு நோயில் காலையில் இமை நன்றாக இருக்கும். மாலையாக ஆக இறங்கும். பொருள்கள் இரண்டாகத் தெரியலாம். மெல்லவும் விழுங்கவும் சிரமம் வரலாம். இதற்கு மருந்தே முதல் சிகிச்சை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு கண் இமை திடீரென விழுவதும் உண்டு. மலேசிய இனங்களில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியிருப்பதால், நம் மக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, வீக்கம். காலையில் எழுந்ததும் இரு இமைகளும் உப்பியிருந்து, நண்பகலுக்குள் வற்றிவிடுவது ஒவ்வாமையாலோ இரவில் உப்பு அதிகம் சாப்பிட்டதாலோ இருக்கலாம். அது தினமும் தொடர்ந்தால், காலும் வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும். தைராய்டு கோளாறும் இமைகளை வீங்க வைக்கும்.

கீழ் இமைப் பையும் கருவளையமும்

கீழ் இமையில் பை போல் தெரிவது பெரும்பாலும் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு முன்னால் தள்ளி வருவதால் உண்டாவது. இதை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய முடியும்.

கருவளையம் வேறு. மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் கண்ணைச் சுற்றி நிறமி படிவது பரம்பரையாகவே வரும். ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பது அதை இன்னும் கருமையாக்கும். இரத்தச் சோகையும் தூக்கமின்மையும் முகத்தை மேலும் வாடச் செய்யும். இமை அறுவை சிகிச்சை தோலின் நிறத்தை மாற்றாது. பணம் கட்டிய பிறகு ஏமாற்றம் அடைவோரில் ஒரு பகுதியினர், கருமை போய்விடும் என்று எண்ணிக் கத்திக்கு ஒப்புக்கொண்டவர்கள். அதே நேரத்தில், இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் வெளுப்பாக்கும் களிம்புகளைக் கண்ணருகே பூசுவதும் ஆபத்து. பாதரசம் கலந்த களிம்புகள் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இமையின் உள்மூலையில் மஞ்சள் நிறத் திட்டுகள் தெரிந்தால் அது இன்னொரு சங்கதி. பலருக்கு அது இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதன் அடையாளம். திட்டை அகற்றும் முன் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கண்ணாடி முன் செய்து பார்க்கலாம்

கீழ்க்காணும் எளிய சோதனைகள் மருத்துவருக்கு மாற்று ஆகா. ஆனால், மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல உதவும்.

• நெற்றியைச் சுருக்காமல் கண்ணாடியை நேராகப் பாருங்கள். இமைமுடியின் அடிப்பகுதி தெரிகிறதா? தெரியாமல் தோல் மறைத்தால் தோல் தளர்ச்சி. தெரிந்தும் இமை விளிம்பு கண்மணிக்கு அருகே இறங்கியிருந்தால் தசைத் தளர்ச்சியாக இருக்கலாம்.

• புருவத்தை விரலால் எலும்பு விளிம்பு வரை மெதுவாக உயர்த்துங்கள். கனம் குறைந்தால் புருவச் சரிவுக்கும் பங்கு உண்டு.

• கழுத்தை அசைக்காமல் ஓரிரு நிமிடங்கள் மேலே பாருங்கள். இமை படிப்படியாக இறங்கினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

• பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். அடையாள அட்டைப் படம், கல்யாண ஆல்பம் போதும். இருபது வயதிலேயே இமை இப்படித்தான் இருந்ததா, ஐந்து ஆண்டுகளில் மாறியதா, ஒரு மாதத்தில் மாறியதா என்பது நோயைக் கண்டறிவதில் பெரிய துப்பு.

• காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் என ஒரு வாரம் கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

நெற்றியில் ஆழமான கோடுகள், மாலையில் நெற்றி வலி, படிக்கும்போது தாடையைத் தூக்கிப் பார்ப்பது ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. இமையைத் தூக்க முடியாதபோது, உடல் நெற்றித் தசையைக் கொண்டு அதைச் சமாளிக்கிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

திடீரென ஓர் இமை விழுந்தால் அழகு நிலையத்துக்கோ கண்ணாடிக் கடைக்கோ போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. பின்வருவனவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும் அல்லது அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்:

• கடுமையான தலைவலி அல்லது கண்ணுக்குப் பின்னால் வலி

• பொருள்கள் இரண்டாகத் தெரிவது

• ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பது

• முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் வலுவிழப்பது

• விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுவது

மூளை இரத்தக்குழாயில் ஏற்படும் வீக்கம், பக்கவாதம் போன்றவை இமை விழுவதாகவே முதலில் வெளிப்படலாம். “காற்றுப் பட்டுவிட்டது” என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு ஏற்படலாம்.

பிள்ளைகளின் இமை தொங்கினால்

பிறந்ததிலிருந்தே ஓர் இமை கீழே இறங்கியிருக்கும் பிள்ளைகள் உண்டு. “அப்பாவுக்கும் இப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடக் கூடாது. இமை கண்மணியை மறைத்தால், அந்தக் கண்ணின் மூலம் பார்க்க மூளை பழகாமல் போகும். இதைச் சோம்பேறிக் கண் என்பர். சிறு வயதிலேயே கவனித்தால் பார்வையைக் காப்பாற்றலாம். வயது கடந்த பிறகு இமையை உயர்த்தினாலும் இழந்த பார்வையை மீட்பது கடினம். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அறுவை சிகிச்சை எப்போது என்பதை இமை எவ்வளவு மறைக்கிறது என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

தோல் தளர்ச்சிக்குச் செய்வதே ‘பிளெஃபரோபிளாஸ்டி’. நோயாளியை உட்கார வைத்து, எவ்வளவு தோல் கூடுதல் என்பதைப் பேனாவால் குறிப்பார்கள். படுத்தால் தோல் பின்னால் சரிந்து அளவு தவறும் என்பதால்தான் உட்கார வைப்பது. பிறகு இமையில் மரப்பு ஊசி போட்டு, இயற்கையான இமை மடிப்பின் வழியாக வெட்டி, கூடுதல் தோலை அகற்றுவார்கள். தேவையென்றால் சிறிது கொழுப்பும் அகற்றப்படும். மெல்லிய நூலால் தையல். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும்.

எவ்வளவு அகற்றுகிறோம் என்பதைவிட, எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதே இங்கு முக்கியம். புருவத்தின் கீழ் விளிம்புக்கும் இமைமுடிக்கும் இடையே ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தோல் எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதிகம் வெட்டினால் கண் மூடாது. மூடாத கண் காய்ந்து, கருவிழி புண்ணாகும்.

தசைத் தளர்ச்சிக்குத் தூக்கும் தசையை இறுக்கித் தைப்பார்கள். இதைப் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மரப்பு ஊசியிலேயே செய்வதற்குக் காரணம் உண்டு: நடுவில் நோயாளியைக் கண் திறக்கச் சொல்லி, இரு கண்களும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று பார்க்க முடியும். தசைக்கு வலுவே இல்லாதவர்களுக்கு, இமையை நெற்றித் தசையோடு நாடாபோல இணைத்துவிடுவார்கள். பிறவியிலேயே தசை வலுவற்ற பிள்ளைகளுக்கு அதிகம் செய்யப்படுவது இதுதான். அவர்களுக்கு முழு மயக்கம் தேவைப்படும்.

கீழ் இமைப் பைக்கு, இமையின் உட்புறம் வழியாகவோ இமைமுடிக்குக் கீழேயோ வெட்டிக் கொழுப்பைக் குறைப்பார்கள் அல்லது இடம் மாற்றி வைப்பார்கள்.

இவற்றை வேறுபடுத்தி அறிவது ஏன் அவசியம் என்பது இங்கே புரியும். தசை தளர்ந்தவருக்குத் தோலை மட்டும் வெட்டினால், பணமும் போய், தழும்பும் வந்து, இமை மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

சீனச் சமூகத்தினரிடையே பிரபலமான ‘இரட்டை இமை’ சிகிச்சையும் இதுவும் ஒன்றல்ல. அது மடிப்பு இல்லாத இமையில் மடிப்பை உருவாக்குவது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு மடிப்பு இயல்பாகவே உண்டு. ஆகவே, “என் மடிப்பை அதே உயரத்தில் வைத்துச் செய்யுங்கள்” என்று சொல்லி, இளவயதுப் படத்தையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இல்லையெனில் கண்ணின் சாயலே மாறிப்போகலாம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் அவற்றைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சர்க்கரை கூடியிருந்தால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமி தொற்றும். இரத்த அழுத்தம் கூடியிருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும்.

ஆஸ்பிரின், வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்தம் உறையாதிருக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் அதை அறுவை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். தாமாகவே நிறுத்தவும் கூடாது. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் மருந்தை நிறுத்துவது மாரடைப்பில் முடியலாம். இருதய மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜாமு, நாட்டு மருந்து ஆகியவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவற்றுள் சில இரத்தக் கசிவைக் கூட்டும்.

கண் உலர்வு உள்ளவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், அண்மையில் கண் லேசர் சிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்கும் முன்பரிசோதனை அவசியம். ஏற்கெனவே கண் உலர்ந்து எரிபவருக்கு இமையைத் தூக்கினால் எரிச்சல் கூடும்.

புருவத்துக்கும் நெற்றிக்கும் போடோக்ஸ் ஊசி போட்ட பிறகு இமை இறங்கியிருந்தால் அவசரப்பட வேண்டாம். ஊசியின் வீரியம் குறையக் குறைய, சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் அது தானாகச் சரியாகும். ஊசி போட்ட மருத்துவரிடம் காட்டினால் போதும்.

அபாயங்கள்

வீக்கமும் கன்றிச் சிவப்பதும் எல்லாருக்கும் வரும். சிலருக்குத் தற்காலிகமாகக் கண் முழுமையாக மூடாது, கண்ணீர் வடியும், பார்வை மங்கலாக இருக்கும். இரு இமைகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே அளவில் அமையாமல் போகலாம். தசை அறுவை செய்தவர்களில் சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும். கீழ் இமை சற்று இழுபட்டுத் தொங்குவதும் உண்டு.

மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கிப் பார்வை நரம்பை அழுத்தும். இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நடக்கும். கண்ணில் கடும் வலி, கண் முன்னே தள்ளுவது, பார்வை மங்குவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது நிமிடங்கள்கூட முக்கியம். விடியட்டும் என்று காத்திருந்தால் பார்வை போய்விடலாம். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தோட்டத்திலிருந்து மருத்துவமனை தூரம் என்றால், முதல் இரவைப் பட்டணத்தில் உறவினர் வீட்டில் கழிப்பது புத்திசாலித்தனம்.

அரசாங்க மருத்துவமனையா, தனியாரா?

பார்வையை மறைக்கும் அளவுக்கு இமை தொங்கினால் அது மருத்துவத் தேவை. முதலில் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் காட்டலாம். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்குச் செல்லலாம். நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட். கண் பிரிவில் இமையின் உயரத்தை அளப்பார்கள், பார்வைப் பரப்புச் சோதனை செய்வார்கள், படம் எடுப்பார்கள். இமையைப் பசைநாடாவால் தூக்கி ஒட்டி, எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறது என்று ஒப்பிடுவதும் உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பெரிய மருத்துவமனைகளில் கண் பிரிவும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. காத்திருக்கும் காலம் நீளலாம்.

தோற்றத்துக்காக மட்டும் செய்வதென்றால் தனியார் மருத்துவமனைதான் வழி. செலவு பல ஆயிரம் ரிங்கிட் ஆகும். மருத்துவக் காப்புறுதி பொதுவாக அழகுச் சிகிச்சைக்குப் பணம் தராது. பார்வைக் குறைபாட்டுக்காகச் செய்வதாக இருந்தாலும், காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்து மூலம் பெற்ற பிறகே நாள் குறிக்க வேண்டும். முகவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

யாரிடம் செய்வது என்பதில் சமரசம் கூடாது. இமை அறுவையில் பயிற்சி பெற்ற கண் நிபுணரோ பிளாஸ்டிக் அறுவை நிபுணரோதான் இதைச் செய்ய வேண்டும். மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவாகியிருக்கிறதா, நிபுணர் பதிவேட்டில் எந்தத் துறையில் உள்ளது, நடப்பு ஆண்டுக்கான பணிச் சான்றிதழ் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் வெளிநாட்டுப் பயிற்சிச் சான்றிதழ்கள் இவற்றுக்கு ஈடாகா. அழகு நிலையத்திலோ, ஹோட்டல் அறையிலோ, வீட்டிலோ இமையில் ஊசி போடுவதும் நூல் கோப்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை, பார்வையையே பறிக்கக்கூடியவை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

• என் இமை கனமாக இருப்பதற்குக் காரணம் தோலா, தசையா, புருவமா, வேறு நோயா?

• அறுவை செய்யாவிட்டால் பார்வைக்குக் கெடுதல் உண்டா?

• இதே அறுவையை நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா? முன்பு செய்தவர்களின் படங்களைப் பார்க்கலாமா?

• மொத்தச் செலவு எவ்வளவு? மருந்து, தையல் பிரிப்பது, மறுபரிசோதனை எல்லாம் அதில் அடங்குமா?

• மறுபடியும் திருத்த வேண்டியிருந்தால் அச்செலவு யாருடையது?

• எம்.சி. எத்தனை நாள் கிடைக்கும்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

• இரவில் சிக்கல் என்றால் யாரை அழைப்பது?

முதல் சந்திப்பிலேயே “இன்று முன்பணம் கட்டினால் பாதி விலை” என்று நெருக்கினால், எழுந்து வந்துவிடுவதே நல்லது. இமை இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும். மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க அந்த ஒரு மாதம் தாராளம்.

அறுவைக்குப் பிறகு

முதல் இரண்டு நாள் சுத்தமான துணியில் குளிர்ந்த ஒத்தடம். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மருத்துவர் தந்த களிம்பையும் சொட்டு மருந்தையும் தவறாமல் போட வேண்டும். தையல் பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் பிரிக்கப்படும். கன்றிய நிறம் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மறையும். இமை தன் இறுதி வடிவத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். ஆகவே இரண்டாம் வாரமே கண்ணாடியைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

களிம்பு பார்வையை மங்கலாக்கும் என்பதால் அன்று வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் அனுமதிக்கும் வரை குனிந்து பாரம் தூக்குவது, உடற்பயிற்சி, நீச்சல், ஒட்டுக்கண்ணாடி, கண் மை, எண்ணெய்க் குளியல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. மருந்து தெளிக்கும் வேலை, செம்பனை வெட்டு, தூசு பறக்கும் தொழிற்சாலை வேலை ஆகியவற்றுக்குத் திரும்பும் நாளை மருத்துவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டும். பால்குடமோ காவடியோ எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் தைப்பூசத்துக்கு முன் நாள் குறிக்காமல் இருப்பது நல்லது. வீட்டில் கல்யாணம் என்றால், குறைந்தது மூன்று மாத இடைவெளி இருக்கட்டும்.

அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு

எல்லாரும் கத்திக்குப் போக வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியின் உட்புறத்தில் சிறு கம்பி பொருத்தி இமையைத் தாங்கிப் பிடிக்கும் வழி உண்டு. ஒவ்வாமைக்கு மருந்து, இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்து, கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை, போதிய தூக்கம் ஆகியவற்றாலேயே பலரின் முகம் தெளிவடைகிறது. இரவில் பெரிதாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்கள் இமையைக் குறைகூறும் முன் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

பார்வை மறையவில்லை, தொல்லையும் இல்லை, ஊர் பேசுகிறது என்பது மட்டுமே காரணம் என்றால், அம்மா சாயலில் வந்த கண்ணை அப்படியே வைத்துக்கொள்வதிலும் குறையொன்றுமில்லை. பார்வை மறைகிறது, வேலை தடைபடுகிறது என்றால் வயதைக் காரணம் காட்டிப் பொறுத்துப் போகவும் தேவையில்லை. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பழைய படம் ஒன்று, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஒன்று. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுகாதார கிளினிக்குக்குப் போய், காரணத்தைக் கேட்டறிவது.